பள்ளி ரோபோ ஏன் ஓடவில்லை? அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

சேலத்துப் பள்ளிகளிலும் விடுமுறைக் காலப் பயிற்சி வகுப்புகளிலும் மாணவர்கள் கட்டும் ரோபோக்கள் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவை. நிரலை ஏற்று ரோபோவை நடத்தும் ஆர்டுயினோ ஊனோ பலகை ஒன்று, அதன் கட்டளைப்படி மோட்டார்களுக்கு மின்சாரம் தரும் எல்298என் மோட்டார் டிரைவர் ஒன்று, மஞ்சள் நிறப் பற்சக்கரப் பெட்டி பொருத்திய இரண்டு மோட்டார்கள், மீயொலியால் தொலைவை அளக்கும் ஹெச்.சி.-எஸ்.ஆர்.04 சென்சார், கோட்டைப் பார்க்கும் ஐ.ஆர். சென்சார்கள், சில கிட்டுகளில் சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் ஒரு சிறிய செர்வோ மோட்டார், இவ்வளவுதான். இந்த வழிமுறை அத்தகைய ரோபோவைக் கட்டி முடித்து, அது சொன்னபடி நடக்காத நிலையில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது.

ரோபோ நின்றுவிட்டால் மாணவரின் கை முதலில் மடிக்கணினிக்குத்தான் போகிறது. நிரலில் ஒரு எண்ணை மாற்றுவது எளிது, வயரைக் கழற்றிப் பார்ப்பது தொல்லை என்பதே அதற்குக் காரணம். ஆனால் இந்த வகை ரோபோக்களில் நிரல் பிழை போலத் தோன்றுபவற்றுள் மிகப் பல, மின்னழுத்தக் குறைவாலோ, தளர்ந்த இணைப்பாலோ, அறையின் வெளிச்சத்தாலோ வருபவை. அந்த நிலையில் நிரலைத் திருத்தினால் பழைய பழுது அப்படியே இருக்க, புதிய பழுது ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் எதை அளந்து பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லி, அதன் பிறகே நிரலுக்கு வருகிறேன். ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் பழுது பார்ப்பது ஊகம் செய்வதாகவே முடியும்.

நிரல் பலகையில் ஏற மறுக்கிறது

பலகையில் பச்சை விளக்கு எரிந்தும், ஆர்டுயினோ மென்பொருளின் போர்ட் பட்டியலில் பலகை தென்படவில்லை என்றால் முதலில் யு.எஸ்.பி. வயரை மாற்றிப் பாருங்கள். கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டுமே செய்யப்பட்ட வயர்களில் தரவு செல்லும் கம்பிகள் இருப்பதில்லை, அதனால் விளக்கு எரியும், கணினி மட்டும் பலகையை அறியாது. வயர் நல்லதாக இருந்தும் தென்படவில்லை என்றால், விலை குறைந்த பலகைகளில் யு.எஸ்.பி. வேலையைச் செய்யும் சி.ஹெச்.340 சில்லுக்கான டிரைவர் மென்பொருளைக் கணினியில் நிறுவ வேண்டியிருக்கும்.

போர்ட் தென்படுகிறது, ஆனால் நிரலை ஏற்றும்போது ‘நாட் இன் சிங்க்’ என்ற பிழைச் செய்தி வருகிறது என்றால், எண் 0, 1 ஆகிய பின்களில் (பலகையின் இணைப்புத் துளைகளில்) ஏதேனும் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். கணினியிலிருந்து நிரல் வருவதும் அந்த இரண்டு பின்களின் வழியாகத்தான். ஆகவே ப்ளூடூத் மாட்யூலை அங்கே மாட்டிவைத்துவிட்டு நிரலை ஏற்ற முடியாது. கழற்றி ஏற்றிவிட்டு மீண்டும் மாட்ட வேண்டும். ஊனோவுக்குப் பதிலாக நானோ பலகை வைத்திருப்பவர்கள் மெனுவில், நிரலை வாங்கிப் பதிக்கும் உள்நிரலான பூட்லோடரின் பழைய வகையைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். பழைய வகை 57,600 பாட் வேகத்திலும் புதிய வகை 1,15,200 பாட் வேகத்திலும் பேசுவதால், தேர்வு தவறினால் இதே செய்தி வரும்.

சக்கரம் அசைந்ததும் ரோபோ முதலிலிருந்து தொடங்குகிறது

வகுப்பறைகளில் மிக அதிகமாக வருவதும், மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இந்தப் பழுதுதான். மேசைமேல் யு.எஸ்.பி. வயருடன் இருக்கும்போது எல்லாம் சரியாக நடக்கும். பேட்டரிக்கு மாற்றித் தரையில் விட்டதும் ரோபோ ஒரு சாண் நகரும், நிற்கும், மீண்டும் ஒரு சாண் நகரும். மாணவர் அதைக் கண்டு நிரலின் சுழற்சியில் தவறு என்று முடிவு கட்டுவார்.

பலகை உண்மையில் மறுதொடக்கம் ஆகிறதா என்பதை அறிய ஒரு எளிய வழி உண்டு. நிரலின் செட்டப் பகுதியில், 13ஆம் பின்னில் உள்ள சிறு விளக்கை மூன்று முறை வேகமாக மின்னச் செய்யும் வரிகளைச் சேர்த்துவிடுங்கள். செட்டப் பகுதி பலகை விழித்தெழும்போது ஒரே ஒரு முறை மட்டுமே நடப்பது. ஆகவே ரோபோ நின்று நின்று நகரும்போதெல்லாம் அந்த மூன்று மின்னல்கள் தெரிந்தால், நிரல் குற்றமற்றது, பலகைக்குப் போகும் மின்னழுத்தம்தான் விழுகிறது என்று உறுதியாகச் சொல்லலாம். மின்னல் தெரியவில்லை என்றால் இந்தப் பகுதியை விட்டுவிட்டு நிரலைப் பாருங்கள்.

மறுதொடக்கம் உறுதியானால், பேட்டரியைப் பாருங்கள். கிட்டுடன் வரும் செவ்வக வடிவ 9 வோல்ட் பேட்டரிதான் பெரும்பாலும் காரணம். அது ரேடியோ, அளவுமானி போன்று சிறிதளவு மின்னோட்டம் கேட்கும் கருவிகளுக்காகச் செய்யப்பட்டது. அதன் உள்மின்தடை அதிகம். மேல்நிலைத் தொட்டி நிறைந்திருந்தும் குழாய் ஒல்லியாக இருந்தால் இரண்டு வீட்டில் ஒன்றாகத் திறந்தவுடன் தண்ணீர் நூலாகிவிடுவதைப் போல, இரண்டு மோட்டார்களும் ஒன்றாகக் கிளம்பும்போது அந்தப் பேட்டரியின் மின்னழுத்தம் சரிந்துவிடுகிறது. மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் கணத்தில்தான் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். மஞ்சள் மோட்டார் ஒவ்வொன்றும் அந்தக் கணத்தில் ஏறத்தாழ ஓர் ஆம்பியர்வரை கேட்கக்கூடும். பேட்டரியைத் தனியாக வைத்து அளந்தால் 9 வோல்ட் காட்டும், அதை நம்பி ஏமாறக் கூடாது. மோட்டார்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது, பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்து அளக்க வேண்டும்.

இதற்கு மருந்து, 18650 வகை லித்தியம் மின்கலங்கள் இரண்டைத் தொடராக இணைப்பது. அவை பெயரளவில் 7.4 வோல்ட்டும், முழுமையாக மின்னேற்றியபோது 8.4 வோல்ட்டும் தரும், வேண்டிய மின்னோட்டத்தையும் தயங்காமல் தரும். நான்கு பென்சில் பேட்டரிகளை வைத்துச் சமாளிப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். எல்298என் பழைய காலத்து இருமுனை டிரான்சிஸ்டர்களால் ஆனது. அதன் வழியாகச் செல்லும்போதே ஏறத்தாழ 2 வோல்ட் வெப்பமாகப் போய்விடும். 6 வோல்ட் கொடுத்தால் மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 4 வோல்ட்தான். மறு மின்னேற்ற வகையாக இருந்தால் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் வீதம் 4.8 மட்டுமே கிடைக்கும், மோட்டாருக்கு 3 வோல்ட்கூட மிஞ்சாது. அதோடு, எல்298என் பலகையில் உள்ள 5 வோல்ட் முனையிலிருந்து ஆர்டுயினோவுக்கு மின்சாரம் எடுத்திருந்தால், அந்த முனை சரியாக 5 வோல்ட் தருவதற்கே உள்ளே 7 வோல்ட்டாவது வர வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. விலை சற்றுக் கூடினாலும் டி.பி.6612 வகை டிரைவரை வாங்குவது இந்தச் சிறிய மோட்டார்களுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. அதில் மின்னழுத்த இழப்பு மிகக் குறைவு. ஆனால் பெரும்பாலான கிட்டுகள் எல்298என்னுடனேயே வருவதால், அதைக் கொண்டே வேலையை முடிக்கும் வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

பேட்டரி நன்றாக இருந்தும் மறுதொடக்கம் தொடர்ந்தால், மோட்டாரின் தூரிகைகளிலிருந்து எழும் மின்னிரைச்சலைச் சந்தேகிக்கலாம். மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் மின்தேக்கி ஒன்றைச் சால்டரிங் செய்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். இங்கே ஓர் எச்சரிக்கை. சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளின் பழக்கத்தில் வெண்காரத்தையோ, தகர வேலைக்கு உதவும் அமிலப் பசையையோ யாரேனும் எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டாம். அமிலம் மெல்லிய செம்புக் கம்பியை நாளடைவில் அரித்துவிடும். ரோசின் கலந்த ஈயக் கம்பியே மின்னணு வேலைக்கு உகந்தது.

மோட்டார் முனகுகிறது, சக்கரம் சுழலவில்லை

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பி.டபிள்யூ.எம். மதிப்பு மிகக் குறைவாக இருந்தால் மோட்டாரில் மெல்லிய ரீங்காரம் கேட்கும், ஆனால் பற்சக்கரங்களின் உராய்வை மீறி அது கிளம்பாது. 255 என்ற முழு மதிப்பைக் கொடுத்துப் பாருங்கள். அப்போது ஓடினால், சிறிது சிறிதாகக் குறைத்து, எந்த மதிப்பில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்குக் கீழே உங்கள் நிரல் ஒருபோதும் போகக் கூடாது. அந்த எண் ஒவ்வொரு மோட்டாருக்கும் வேறுபடும் என்பதையும், பேட்டரி இறங்க இறங்க அது ஏறும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

முழு மதிப்பிலும் ஓடவில்லை, முனகலும் இல்லை என்றால் தரை இணைப்பைப் பாருங்கள். ஆர்டுயினோவுக்குத் தனி பேட்டரியும் மோட்டாருக்குத் தனி பேட்டரியும் வைத்திருப்பவர்கள், இரண்டின் ஜி.என்.டி. (தரை) முனைகளையும் ஒரு வயரால் இணைக்க மறந்துவிடுவது வழக்கம். மின்னழுத்தம் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு. பொதுவான தரை இல்லாதபோது ஆர்டுயினோ அனுப்பும் 5 வோல்ட், டிரைவருக்கு எந்தப் பொருளும் தருவதில்லை. மீட்டரை ஒலிச் சோதனையில் வைத்து இரண்டு ஜி.என்.டி.களையும் தொட்டால் ஒலி எழ வேண்டும். இணைத்துத்தான் இருக்கிறேன் என்று சொல்பவர்கள் வயர்களைச் செருகும் துளைப்பலகையான பிரெட்போர்டையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். நீளமான பிரெட்போர்டு சிலவற்றில் ஓரத்துச் சிவப்பு, நீலக் கோடுகள் நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும், இடப்பாதிக்குக் கொடுத்த மின்சாரம் வலப்பாதிக்குப் போகாது.

ஒரு சக்கரம் மட்டும் எதிர்த்திசையில் சுழன்றால், நிரலைத் தொடாமல் அந்த மோட்டாரின் இரண்டு வயர்களை இடம் மாற்றிவிடுங்கள். நேராகப் போகச் சொன்னால் ரோபோ ஒரு பக்கம் வளைகிறது என்றால் அது பழுதே அன்று. ஒரே பெட்டியில் வந்த இரண்டு மலிவான மோட்டார்கள் ஒரே வேகத்தில் சுழலும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. வேகமான பக்கத்தின் மதிப்பைச் சற்றுக் குறையுங்கள்.

செர்வோவைச் சேர்த்த பிறகு ஒரு சக்கரம் இறந்துவிட்டது

இது உண்மையிலேயே நிரல் பக்கத்துப் பழுது. வயரை எத்தனை முறை மாற்றினாலும் தீராது. ஊனோவில் செர்வோவை இயக்கும் ஆயத்த நிரல் தொகுப்பான செர்வோ லைப்ரரியைப் பயன்படுத்தத் தொடங்கியதும், அது பலகைக்குள் இருக்கும் 16 பிட் நேரக் கணிப்பியான டைமர் 1ஐத் தன் வசம் எடுத்துக்கொள்கிறது. அதனால் எண் 9, 10 ஆகிய பின்களில் பி.டபிள்யூ.எம். வேலை செய்யாது, அந்தப் பின்களில் செர்வோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுதான் நிலை. மோட்டார் டிரைவரின் வேகக் கட்டுப்பாட்டு முனைகளான இ.என்.ஏ., இ.என்.பி. ஆகியவற்றில் ஒன்றை அங்கே மாட்டியிருந்தால் அந்தச் சக்கரம் நின்றுவிடும். 5, 6 ஆகிய பின்களுக்கு மாற்றிவிடுங்கள். இதே போன்று, ஒலி எழுப்பும் டோன் கட்டளை 3, 11 ஆகிய பின்களின் பி.டபிள்யூ.எம்.மைக் குலைக்கும். தடையைக் கண்டால் ‘பீப்’ ஒலி எழுப்பும் ரோபோ, ஒலித்தவுடன் தடுமாறுவதற்குக் காரணம் இதுதான்.

செர்வோ நடுங்குகிறது என்றால் அது மின்சாரப் பழுது. ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து அதற்கு மின்சாரம் எடுக்காமல், தனி 5 வோல்ட் ஒழுங்குபடுத்தியிலிருந்து கொடுத்து, அதன் மின்முனைகளுக்கு அருகில் 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை வையுங்கள். மின்தேக்கியின் எதிர்முனைக் கோட்டைப் பார்த்து இணைக்க வேண்டும். திருப்பிப் போட்டால் வெடிக்கக்கூடும்.

தொலைவு சென்சார் எப்போதும் 0 காட்டுகிறது அல்லது தாவுகிறது

எப்போதும் 0 வந்தால் டிரிக் (ஒலியை அனுப்பச் சொல்லும் முனை), எக்கோ (எதிரொலியைத் தெரிவிக்கும் முனை) இரண்டும் இடம் மாறியிருக்கும், அல்லது மின்சாரம் வாங்கும் வி.சி.சி. முனைக்கு 3.3 வோல்ட் போய்க்கொண்டிருக்கும். இந்தச் சென்சாருக்கு 5 வோல்ட் தேவை. அளவு சரியாக வந்துகொண்டே இடையிடையே 0 வந்தால், ஒலி திரும்பி வரவில்லை என்று பொருள். சென்சார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி எதிரொலிக்காகக் காத்திருக்கிறது. ஜன்னல் திரை, பள்ளிப் பை, மெத்தென்ற துணி ஆகியவை ஒலியை உறிஞ்சும். சாய்வாக நிற்கும் பீரோக் கதவு ஒலியை வேறு பக்கம் திருப்பிவிடும். சுவரை 45 பாகைச் சாய்வில் நெருங்கும் ரோபோ அந்தச் சுவரைக் காணாமலேயே முட்டுவது இதனால்தான், சென்சாரை மாற்றி வாங்குவதால் எந்தப் பயனும் இல்லை. 2 சென்டிமீட்டருக்கும் குறைவான தொலைவையும் அது அறியாது.

ஆகவே 0 என்ற அளவை ‘மிக அருகில் தடை’ என்று எடுத்துக்கொள்ளும் நிரல் தவறானது. அதை ‘தெரியவில்லை’ என்று எடுத்துக்கொண்டு, ஐந்து அளவுகளை வரிசையாக எடுத்து, அவற்றை ஏறுவரிசையில் அடுக்கி, நடுவில் இருப்பதைக் கொள்வது நல்லது. சராசரி எடுத்தால் ஒரு தவறான அளவே மொத்தத்தையும் இழுத்துவிடும், நடுமதிப்புக்கு அந்தக் குறை இல்லை. இரண்டு அளவுகளுக்கு இடையே 60 மில்லி விநாடி இடைவெளி விடுங்கள், இல்லையெனில் முந்தைய ஒலியின் எதிரொலி அடுத்த அளவில் வந்து கலக்கும். எதிரொலி வராதபோது, அதன் நேரத்தை அளக்கும் பல்ஸ்இன் கட்டளை இயல்பாக ஒரு விநாடிவரை காத்திருக்கக்கூடும். ரோபோ இடையிடையே சிந்தனையில் ஆழ்ந்தது போல் நின்றால் இதுவே காரணம். கட்டளையின் மூன்றாம் இடத்தில் 30,000 என்று எழுதினால் காத்திருப்பு 30 மில்லி விநாடியோடு முடிந்துவிடும்.

அளவு நிலையாக இருந்தும் எப்போதும் சற்றுக் குறைவாக வருகிறது என்றால், வெப்பநிலையைக் கணக்கில் எடுங்கள். நிரல்களில் பொதுவாக எழுதப்படும் 343 மீட்டர் என்ற ஒலிவேகம் 20 பாகை செல்சியஸுக்கு உரியது. காற்று சூடானால் ஒலி விரைவாகப் போகும். வெப்பநிலையை 0.606ஆல் பெருக்கி 331.3உடன் கூட்டினால் ஒரு விநாடிக்கான வேகம் மீட்டரில் கிடைக்கும். மே மாதத்தில் சேலத்து வகுப்பறை 38 பாகையில் இருக்கும்போது வேகம் 354 மீட்டரைத் தாண்டிவிடுவதால், சரியாக ஒரு மீட்டரில் உள்ள சுவரை நிரல் ஏறத்தாழ 97 சென்டிமீட்டர் என்று சொல்லும். அதே ரோபோவை ஏற்காட்டுக்கு எடுத்துச் சென்று 15 பாகைக் குளிரில் வைத்தால் 101 சென்டிமீட்டரை நெருங்கும். கூடவே ஒரு வெப்பநிலை சென்சாரைச் சேர்த்து இதைத் திருத்துவது எட்டாம் வகுப்பு மாணவருக்கு நல்ல பயிற்சி. ஆனால் அளவு 40 சென்டிமீட்டர் தாவும்போது வெயில்மேல் பழியைப் போடக் கூடாது. வெப்பநிலையால் வரும் பிழை எப்போதும் சிறியதாகவும் ஒரே பக்கமாகவும்தான் இருக்கும்.

காலையில் கோட்டைப் பின்பற்றிய ரோபோ பிற்பகலில் வழி தவறுகிறது

ஐ.ஆர். சென்சார் ஒன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தரையில் பாய்ச்சி, திரும்பி வருவதை அளக்கிறது. வெள்ளைத் தாள் அதைத் திருப்பி அனுப்புகிறது, கறுப்பு நாடா விழுங்கிவிடுகிறது. சூரிய ஒளியிலும் இதே அகச்சிவப்பு ஏராளமாக இருப்பதால், மேற்கு ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழும் நேரத்தில் கறுப்பும் வெள்ளையும் சென்சாருக்கு ஒன்றாகத் தெரிகின்றன. மேலே எரியும் எல்.இ.டி. விளக்கால் இந்தத் தொல்லை இல்லை, அதில் அகச்சிவப்பு மிகக் குறைவு. பழைய குண்டு பல்பில் நிறைய உண்டு. ஆகவே நிரலில் தேடுவதற்கு முன், ஜன்னலை ஓர் அட்டையால் மறைத்துப் பாருங்கள். ரோபோ திருந்திவிட்டால் நோய் தெரிந்துவிட்டது. நிலையான தீர்வாக, சென்சாரைச் சுற்றிக் கறுப்புத் தாளால் பாவாடை போல ஒரு மறைப்பை ஒட்டி, அது தரையை ஏறத்தாழத் தொடும்படி இறக்கிவிடுங்கள்.

அடுத்தது உயரம். டி.சி.ஆர்.டி.5000 வகைச் சென்சார் 2.5 மில்லிமீட்டர் தொலைவில்தான் மிகக் கூர்மையாக வேலை செய்யும், 15 மில்லிமீட்டரைத் தாண்டினால் பயனில்லை. கிட்டின் அடிப்பலகையில் அப்படியே திருகிவிட்டால் அது பெரும்பாலும் மிக உயரத்தில் இருக்கும். வாஷர்களை அடுக்கித் தாழ்த்த வேண்டும். அதன் விளக்கு எரிகிறதா என்று கண்ணால் அறிய முடியாது, கைப்பேசியின் முன்பக்கக் கேமரா வழியாகப் பார்த்தால் ஊதா நிறப் புள்ளியாகத் தெரிவது உண்டு.

தரையும் ஏமாற்றும். பழைய சேலம் வீடுகளின் மொசைக் தரையில் இருக்கும் கறுப்புச் சில்லுகள் ஒவ்வொன்றையும் சென்சார் கோடு என்றே நினைக்கும், பளபளப்பான டைல்ஸ் ஜன்னலின் ஒளியைத் திருப்பி அடிக்கும். வெள்ளைச் சார்ட் தாளைத் தரையில் ஒட்டி அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டுவதே பாதுகாப்பான வழி. தாளில் அச்சிட்ட கோடு வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. சில அச்சு மைகள் நம் கண்ணுக்குக் கறுப்பாக இருந்தும் அகச்சிவப்பு ஒளியில் வெளுத்துத் தெரியும்.

இவை அனைத்தும் சரியான பிறகு எல்லைமதிப்பை அமைக்க வேண்டும். சென்சாரை அனலாக் பின்னில் இணைத்து, வெள்ளையின்மேல் வரும் எண்ணையும் கறுப்பின்மேல் வரும் எண்ணையும் ஆர்டுயினோ மென்பொருளின் சீரியல் மானிட்டர் சாளரத்தில் படித்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு மதிப்பைக் கொள்ளுங்கள். வேறொருவர் நிரலிலிருந்து 500 என்ற எண்ணை எடுத்து ஒட்டுவதால் பயனில்லை, அது அவர் தரைக்கும் அவர் சென்சாருக்கும் உரியது. டிஜிட்டல் வெளியீடு மட்டுமே உள்ள மாட்யூல் என்றால், அதிலுள்ள நீலத் திருகை, நாடாவின் விளிம்பைக் கடக்கும்போது சிறு விளக்கு அணைந்து எரியும்வரை திருப்ப வேண்டும். சில மாட்யூல்கள் கறுப்பைக் கண்டால் 1 என்றும், சில 0 என்றும் சொல்லும். கோட்டைக் கண்டால் விலகி ஓடும் ரோபோவுக்கு இந்தத் தலைகீழ்தான் காரணம்.

மேலே சொன்ன எதுவும் பொருந்தாமல், நேற்றுச் சீராக ஓடிய ரோபோ இன்று பாம்பு ஓட்டம் ஓடினால், பேட்டரிக்கு இரவில் மின்னேற்றினீர்களா என்று யோசியுங்கள். இறங்கிய பேட்டரியில் மோட்டார் மெதுவாகச் சுழலும்போது திருத்த மதிப்புகளை அமைத்திருந்தால், 8.4 வோல்ட் கிடைத்த மறுநாள் அதே மதிப்புகள் மிகையாகிவிடும். பி.ஐ.டி. எனப்படும் இந்தத் திருத்த மதிப்புகளை முழு மின்னேற்றத்தில் அமைப்பதும், போட்டிக்கும் முழு மின்னேற்றத்தோடு போவதும் நல்லது. அதோடு, சுழற்சிக்குள் காத்திருக்கச் செய்யும் டிலே கட்டளை எங்கேனும் இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த நேரம் முழுவதும் ரோபோ கோட்டைப் பார்ப்பதில்லை.

திசைகாட்டி மாட்யூல் தவறான திசையைச் சொல்கிறது

சேலத்துக்கு அருகிலுள்ள கஞ்சமலையில் மேக்னடைட் இரும்புத் தாது இருப்பதை அறிந்த சேலத்துக்காரர்கள் உடனே மலையைச் சந்தேகிக்கிறார்கள். தாதுப் பாறையின் அருகிலேயே நின்றால் ஒழிய, குற்றவாளி ரோபோவுக்குள்ளேயே இருக்கிறது. மோட்டார்களுக்குள் இருக்கும் நிலைக்காந்தங்கள் சென்சாருக்கு மூன்று விரல் தொலைவில் இருந்தால் வட திசைக்கு வேலையே இல்லை. மாட்யூலை ஒரு மரக்குச்சியில் ஏற்றி மோட்டாரிலிருந்து ஒரு சாண் உயர்த்துங்கள், இரும்புக்கால் மேசையிலிருந்து விலகி அளவிடுங்கள்.

திசையே வரவில்லை, எல்லாம் 0 என்றால் முகவரியைப் பாருங்கள். ஹெச்.எம்.சி.5883எல் என்ற பெயரில் விற்கப்படும் மாட்யூல்கள் பலவற்றில் உண்மையில் க்யூ.எம்.சி.5883எல் சில்லு இருக்கிறது. சென்சார்கள் பலகையோடு பேசும் ஐ.2.சி. இணைப்பில் முன்னதன் முகவரி பத்தடிமான எண்ணில் 30, பின்னதன் முகவரி 13. ஐ.2.சி. ஸ்கேனர் நிரலை ஓட்டினால் எது என்று தெரிந்துவிடும், அதற்குரிய லைப்ரரியை நிறுவிக்கொள்ளலாம்.

சிறிது நேரம் நன்றாக ஓடிவிட்டு நின்றுவிடுகிறது

கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 32 அல்லது 33 விநாடியில் கோளாறு தொடங்கினால், பலகை விழித்தது முதல் ஓடிய நேரத்தை மில்லி விநாடியில் சொல்லும் மில்லிஸ் கட்டளையின் எண்ணை இன்ட் வகை மாறியில் வைத்திருக்கிறீர்கள். ஊனோவில் இன்ட் 16 பிட், அது 32,767வரை மட்டுமே எண்ணும், அதற்கு அடுத்த மில்லி விநாடியில் எண் எதிர்மறைக்குத் தாவிவிடும். அன்சைன்ட் லாங் வகைக்கு மாற்றினால் 49 நாள்களுக்கு மேல் தாங்கும்.

நேரம் ஒவ்வொரு முறையும் வேறுபட்டால் நினைவகத்தைச் சந்தேகியுங்கள். ஊனோவில் ஓடும்போது பயன்படும் நினைவகம் 2 கிலோபைட்தான். திரையில் காட்டும் நீண்ட செய்திகளும், சுழற்சிக்குள் ஒட்டி ஒட்டி உருவாக்கும் சொற்றொடர்களும் அதைத் தின்றுவிடும். செய்திகளை எஃப் மேக்ரோவுக்குள், அதாவது F( ) என்ற அடைப்புக்குள், எழுதினால் அவை 32 கிலோபைட் அளவுள்ள நிரல் நினைவகத்திலேயே இருந்துவிடும். இவை எதுவும் இல்லை என்றால் டிரைவரைத் தொட்டுப் பாருங்கள், ஆனால் கவனமாக. எல்298என்னின் உலோகத் தகடு கை பொறுக்காத அளவுக்குச் சூடாகியிருந்தால், அது தன்னைக் காத்துக்கொள்ள நின்றிருக்கிறது. எங்கேனும் சக்கரத்தில் நூலோ முடியோ சுற்றியிருக்கும்.

ப்ளூடூத் இணையவில்லை

ஹெச்.சி.-05 மாட்யூலின் கடவு எண் 1234, சிலவற்றில் 0000. ஐபோனில் இது தென்படாது, ஆண்ட்ராய்டு கைப்பேசி வேண்டும். இணைந்த பிறகு புரியாத எழுத்துகள் வந்தால் பாட் வேகத்தை 9600க்கு மாற்றுங்கள். அதன் தரவு வாங்கும் ஆர்.எக்ஸ். முனைக்கு 3.3 வோல்ட் மட்டுமே உகந்தது, எனவே ஆர்டுயினோவிலிருந்து போகும் வயரில் 1 கிலோஓம், 2 கிலோஓம் மின்தடைகளைக் கொண்டு மின்னழுத்தத்தைப் பிரித்துக் கொடுங்கள்.

ஏற்காட்டில் எடுத்ததும் வேலை செய்யவில்லை

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள சேர்வராயன் மலைப் பள்ளிகளில் மழைக்காலத்தில் மூடுபனி வகுப்பறைக்குள்ளேயே வந்துவிடும். இரவு முழுவதும் குளிர்ந்த அறையில் கிடந்த பலகைமேல் காலையில் மாணவர்கள் நிறைந்து காற்று ஈரமாகும்போது நீர் பனிக்கிறது. அந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால் அனலாக் அளவுகள் தடுமாறும், இணைப்பு முனைகளில் பச்சை நிறத் துரு பிடிக்கும். ரோபோவை, மூடி உள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, பெட்டியைத் திறப்பதற்கு முன் அது அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருங்கள். ஜம்பர் வயர்களைப் பருவத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது, ஒவ்வொரு வயராக ஆட்டிப் பார்ப்பதைவிடச் செலவு குறைந்தது.

லித்தியம் மின்கலங்களுக்கு மலையின் குளிரைவிடச் சமவெளியின் வெயிலே ஆபத்து. நிறுத்தி வைத்த காருக்குள் அவற்றை விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஒவ்வொரு கலமும் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்வரை ஓட்டக் கூடாது. உறை கிழிந்த, நசுங்கிய, கசிந்த கலத்தை மின்னேற்றியில் வைக்காமல், முனைகளின்மேல் இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிடுங்கள்.